தாத்தாவும் இரண்டு நாய்களும்: கைவேலைப் பக்கம், வாசகர் கேள்வி பதில்

எங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தா கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுச் சம்சாரி. வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு சிப்பிப்பாறை நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போவாராம். 1960-களில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் எங்களிடம் இருக்கிறது. கையில் கம்பு, காலடியில் இரண்டு நாய்கள். அடுத்த வருடம் அப்பாவுக்கு 75 வயது. அந்த வேட்டையை ஒரு சின்ன டயோரமாவாக (பெட்டிக்குள் சின்ன உருவங்களை வைத்து அமைக்கிற காட்சி) செய்து அவருக்குக் கொடுக்கலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். எந்த அளவில் செய்வது? நாய்கள் முயலைத் துரத்துகிற மாதிரி வைக்கலாமா?
- வாசகி, விருதுநகர்

துரத்துகிற காட்சி வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேட்டை என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் வைக்க 1:24 அளவு, அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு, வசதியானது. ஐந்தரை அடி மனிதர் 7 சென்டிமீட்டர் வருவார். தோள் வரை 63 சென்டிமீட்டர் உயரமுள்ள சிப்பிப்பாறை இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும், முயல் 2 சென்டிமீட்டர். கையால் செய்யவும் முடியும், அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியவும் செய்யும். இப்போது 45 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டால் அதற்குள் அடங்குவது நிஜத்தில் 11 மீட்டர்கூட இல்லாத நிலம். வேகம் பிடித்த வேட்டைநாய் அதை ஒரு நொடியில் கடந்துவிடும். 200 மீட்டர் துரத்தலைக் காட்ட வேண்டுமென்றால் எட்டு மீட்டருக்கு மேல் நீளமான பெட்டி வேண்டும், உங்கள் வீட்டுத் திண்ணைகூடப் போதாது. ஓட்டத்தை 45 சென்டிமீட்டருக்குள் அடைத்தால் நாயும் முயலும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற மாதிரித்தான் இருக்கும், அதில் தாத்தா எங்கேயோ ஓரத்தில் நிற்பார். நீங்கள் செய்யப்போவதோ தாத்தாவுக்காக.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் அப்பா அப்போது சின்னப் பையன், துரத்தலை அவர் பார்த்தே இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். விடியுமுன் அவர் அப்பா எழுந்து நாய்களை அவிழ்த்ததையோ, வெயில் ஏறித் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்ததையோ பார்த்திருப்பார். அவரிடமே கேளுங்கள். பரிசு என்று மறைத்து வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்துவிடாதீர்கள், பழைய படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கம்பு எந்தக் கையில் இருக்கும், துண்டைத் தலையில் கட்டுவாரா இடுப்பில் கட்டுவாரா, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவாரா மடித்துக் கட்டுவாரா, காலில் செருப்பு உண்டா, நாய்களுக்கு என்ன பெயர், எது முரடு, எது சொன்ன பேச்சுக் கேட்கும். 7 சென்டிமீட்டர் உருவத்தில் தலை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, அதில் முகச்சாயலைக் கொண்டுவருவது தேர்ந்த கைகளுக்கே கடினம். ஆனால் நிற்கிற விதத்தை, கம்பை ஊன்றுகிற விதத்தை, ஒரு தோள் இறங்கியிருப்பதைக் கொண்டுவந்துவிடலாம். தூரத்தில் ஒருவர் வரும்போது முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்து 'அப்பாதான்' என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அந்த அடையாளத்தைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

என் யோசனை இது. விடிகிற நேரம், பருத்திமார் பிடுங்கிய வெற்றுப் புஞ்சை, வரப்போரம் ஓர் உடைமரம். தாத்தா பெட்டியின் நடுவில் வேண்டாம், இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். ஒரு நாய் அவர் காலடியில், இன்னொன்று இரண்டடி முன்னால் காதை நிமிர்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி. வலது கோடியில், பெட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்கு மிக அருகில், ஒரு புல் புதருக்கு நம் பக்கமாக முயல் பதுங்கியிருக்கட்டும். பார்க்கிற நமக்கு முயல் தெரியும், அவர்களுக்கு இன்னும் தெரியாது. அடுத்து நடக்கப்போகிற ஓட்டம் முழுவதும் பார்ப்பவர் மனதில் ஓடும், அதற்கு எட்டு மீட்டர் பெட்டி தேவையில்லை.

முயலுக்கு வளை தோண்டி வைக்காதீர்கள். நம் ஊர்க் காட்டுமுயல் வளையில் வாழ்வதில்லை, புல்லுக்குள் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் செய்துகொண்டு அதில் படுத்திருக்கும். பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு உண்டு, வால் மேல்பக்கம் கறுப்பு. இந்த இரண்டையும் ஊசிமுனைத் தூரிகையால் வைத்துவிட்டால், கறிக்கடை வெள்ளைமுயல் இல்லை இது, காட்டுமுயல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நாயை மெல்லிய செம்புக் கம்பியில் எலும்புக்கூடு மாதிரி முறுக்கி அதன்மேல் எம்-சீல் ஏற்றிச் செய்யலாம். பட்டாணி அளவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள், வேலை முடிவதற்குள் இறுகிவிடும். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு தேய்த்தால் ஒட்டாமல் வழுவழுப்பாக வரும். சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், வயிறு உள்ளே ஒட்டியிருக்கும், தலை நீண்டு ஒடுங்கியிருக்கும், வால் மெல்லியதாக லேசாக வளையும். பலரும் செய்கிற தவறு வயிற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் பூசிவிடுவது. அப்படிச் செய்தால் அது தெருநாய் ஆகிவிடும், வேட்டைநாய் வராது. படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்தையும் அப்பாவிடமே கேளுங்கள். கறுப்பு உடம்பும் பழுப்புக் காலும் என்று சொன்னால் அது கன்னி நாயாக இருக்கலாம், இரண்டும் ஒரே வட்டாரத்து நாய்கள்தான்.

மண்ணுக்கு ஒரு வழி சொல்கிறேன், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கடையில் கறுப்புப் பெயின்ட் வாங்கிப் பூசாதீர்கள். தாத்தாவின் புஞ்சை இப்போது யார் கையில் இருந்தாலும் சரி, கேட்டு ஒரு கைப்பிடி கரிசலை எடுத்து வாருங்கள். கல், வேர் நீக்கி, இரும்புச் சட்டியில் வறுத்து (பூச்சி முட்டை, விதை எல்லாம் போய்விடும்), மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் விட்டுப் பணியார மாவுப் பதத்தில் குழைத்துப் பலகையில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். நிழலில் காயட்டும். கரிசல் தண்ணீரில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதனால்தான் கோடையில் காலே உள்ளே போகிற மாதிரி வெடிக்கிறது. உங்கள் பலகையிலும் அது தானாகவே வெடிக்கும், மண் மெல்லியதாக இருப்பதால் வெடிப்பும் நெருக்கமாக, சின்னதாக, கிட்டத்தட்ட 1:24-க்குப் பொருத்தமாகவே விழும். கனம் கூட்டினால் வெடிப்புகள் தள்ளித் தள்ளி விழும், ஆகவே முதலில் ஓர் அட்டையில் பரப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் பெவிகால் கலக்க வேண்டாம், கலந்தால் வெடிக்க விடாது. காய்ந்த பிறகு தண்ணீர் கலந்த பசையைத் தெளித்தாலும் மண் மறுபடி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருப்பார்கள், அதில் தண்ணீர் மிகக் குறைவு, அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மண் அப்படியே இறுகும். மினுமினுப்பு வந்தால் மேலே மேட் வார்னிஷை ஒரு தடவை மெல்லியதாகத் தெளித்துவிடுங்கள்.

உடைமரத்துக்குக் காய்ந்த துளசித் தண்டு நன்றாக இருக்கும், கிளை பிரிவது அசல் மரம் மாதிரியே இருக்கும். குடை விரித்த மாதிரி மேலே தட்டையான தழைக்குப் பீர்க்கங்கூட்டைப் பிரித்துப் பரப்பி, பச்சை ஏற்றிய மரத்தூளைத் தூவுங்கள். காய்ந்த புல்லுக்குப் பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மயிர் போதும். பனை வைக்க ஆசைப்பட்டால் ஒன்று கவனியுங்கள், 15 மீட்டர் பனை 1:24-இல் 60 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். அதைப் பின்சுவர் ஓரமாக 1:72 அளவில் 20 சென்டிமீட்டருக்குச் செய்து வையுங்கள், தூரத்தில் நிற்கிற மாதிரித் தோன்றும். சீமைக்கருவேல் அந்தப் புஞ்சையில் அப்போது இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். இன்று அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் அதுவே இருப்பதால் நம் கை தானாக அதைச் செய்யப் போகும்.

தாத்தாவின் வேட்டிக்குச் சுத்த வெள்ளை அடிக்காதீர்கள், காடாத்துணியின் பழுப்பு கொஞ்சம் கலக்க வேண்டும். தோலுக்குச் செம்பழுப்பும் மஞ்சள் காவியும் கலந்து அடியில் பூசி, மேடுகளில் கொஞ்சம் வெளுப்பாகத் தொட்டு எடுங்கள். கறுப்பைக் கலந்தால் தோல் செத்துப்போகும்.

இவ்வளவும் புதிதாகக் கற்க வேண்டும் என்று மலைக்க வேண்டாம். கொலுப்படிக்குப் பக்கத்தில் கேழ்வரகு முளைக்க விட்டு வயல் செய்து, கண்ணாடித் துண்டில் குளம் வைத்துப் பார்க் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் பூட்டனார் வளரி (வளைந்த எறிகம்பு) எறிவதில் பெயர் பெற்றவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் நினைவாக ஒரு சின்னக் காட்சி செய்கிறேன். வீட்டில் பழைய மான்கொம்பு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பயன்படுத்தலாமா? வளரியை இந்த அளவில் எப்படிச் செய்வது?
- வாசகர், காரைக்குடி

மான்கொம்பைத் தொடவே தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கைக் கொல்வது மட்டுமல்ல, அதன் கொம்பு, தோல், பல் இவற்றை உரிய சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றமாகலாம். பரம்பரையாக வந்தது என்றாலும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விவரம் தெரிந்த ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் போவதுதான் முறை. அதை வெட்டி, ஒட்டி, காட்சிக்கு வைத்து, படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினால் பூட்டனார் பெயரில் பேரப்பிள்ளைகளுக்கு வழக்குதான் மிஞ்சும். டயோரமாவுக்குக் கொம்பு வேண்டுமென்றால் கம்பியில் எம்-சீல் பூசிச் செய்யுங்கள், இந்த அளவில் அசலைவிட அதுவே நன்றாக இருக்கும்.

வளரிக்கு வருவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி 1830-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். 1801-இல் அதே மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட போரில் எதிர்ப்பக்கம் நின்றவரும் அவர்தான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

செய்முறை எளிது. அசல் வளரி ஏறக்குறைய 45 முதல் 60 சென்டிமீட்டர், அப்படியானால் 1:24-இல் 2 அல்லது இரண்டரை சென்டிமீட்டர். மூங்கில் சிம்பு ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து ஆணியில் சுற்றி வளைத்துக் காயவையுங்கள். பிடிக்கிற முனை ஒடுங்கி, எறிகிற முனை கனத்து இருக்க வேண்டும், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் அது பிறைநிலா ஆகிவிடும். எறிந்தால் திரும்பி வருகிற மாதிரி கதை கட்டிக் காட்சி அமைக்காதீர்கள், வேட்டைக்கான கனத்த வளரி இலக்கில் போய் அடித்து விழுவதற்காகச் செய்தது. எறிந்த பிறகு இருக்கும் உடல்நிலை, அதாவது கை முன்னால் வந்து இடுப்பு திரும்பி, பின்கால் குதி மண்ணைவிட்டு எழும்பிய நிலை, பார்க்க அழகாக இருக்கும். வளரியை அந்தரத்தில் மிதக்கவிட நூல் கட்டுவதைவிட, எதிரே ஒரு புல்கொத்தின் நுனியில் பட்டும் படாமல் ஒட்டிவிடுங்கள்.

அப்பப்பா முல்லைத்தீவுப் பக்கம் வன்னிக் காட்டில் வேட்டைக்குப் போனவர். எங்களிடம் ஒரு படமும் மிஞ்சவில்லை, வீட்டோடு எல்லாம் போய்விட்டது. அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. ஒன்றும் இல்லாமல் ஒரு டயோரமா செய்ய முடியுமா?
- வாசகி, டொரொன்டோ

முடியும் அம்மா. முகம் இல்லாமல் செய்யலாம்.

வன்னி வேட்டைக்காரர் இருட்டில், குளக்கரை மரத்தில் பரண் கட்டிக்கொண்டு, தண்ணி குடிக்க வருகிற மரைக்கோ (பெரிய மான்) பன்றிக்கோ காத்திருந்தவர். அந்தக் காட்சியில் அவர் உருவம் நிழலாகத்தான் தெரிய வேண்டும், அதுதான் இயல்பும்கூட. குளத்தைப் பெரிதாகச் செய்யுங்கள். தண்ணீருக்கு இரண்டு மில்லிமீட்டர் கனமாக ரெசின் ஊற்றி, அடியில் கரும்பச்சைக்குள் கொஞ்சம் நீலம் பூசியிருந்தால் போதும். கரையில் பாலை, வீரை மரங்கள், ஒன்றில் பரண், அதில் துவக்கை மடியில் வைத்தபடி முதுகு காட்டி ஒருவர். நிலா வெளிச்சத்துக்கு ஒரே ஒரு சின்ன எல்இடி, வெள்ளையாக இல்லாமல் லேசான நீலத்தில், பின்பக்கம் மேலே மறைவாக. முன்னால் இருந்து வெளிச்சம் எதுவும் வரக்கூடாது.

உங்கள் அப்பாவிடம், மாமிமாரிடம், ஊரில் மிஞ்சிய யாரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் டோர்ச் லைட்டைப் பற்றிச் சொல்வார், ஒருவர் சாக்கைப் பற்றி, இன்னொருவர் அவர் வந்து படலையைத் திறக்கிற சத்தத்தைப் பற்றி. ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் பொருந்தாமல் போனால் கவலை வேண்டாம், எது சரி என்று தீர்க்கவும் வேண்டாம், இரண்டு பொருளையும் பரணில் வைத்துவிடுங்கள். படம் இருக்கிற குடும்பங்கள் படத்தை மட்டும் பார்த்துச் செய்துவிடுகின்றன. உங்களுக்கு எல்லோரையும் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் எல்லோரும் இதில் வந்து சேர்வார்கள்.

என் பத்து வயது மகள் தாத்தாவின் வேட்டைக் காட்சியைச் செய்யக்கூடாது என்கிறாள். 'பாவம் விலங்குகள்' என்கிறாள். என்ன பதில் சொல்வது?
- வாசகர், கோயம்புத்தூர்

அவள் சொல்வது சரிதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தாத்தா வாழ்ந்த காலத்தில் அது உணவு, ஊர்ப் பழக்கம், காட்டை அறிந்த கல்வி. இன்று அது குற்றம், இருக்கவும் வேண்டும். இரண்டையும் மறைக்காமல் சொன்னால் பத்து வயதுக்குப் புரியும்.

அப்புறம் கார்ல் அக்கேலியின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்கக்காரர், அருங்காட்சியகங்களில் விலங்குகளை அவை வாழ்ந்த காட்டோடு சேர்த்து டயோரமாவாக வைக்கிற கலையை வளர்த்தவர். 1890-ஐ ஒட்டி மில்வாக்கி அருங்காட்சியகத்தில் அவர் செய்த நீரெலிக் காட்சி இன்னும் இருக்கிறது. 1921-இல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காகக் காங்கோ மலைகளில் கொரில்லாக்களைச் சுட்டவரும் அவர்தான். அந்த அனுபவம் அவரை மாற்றியது. இனி இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டிடம் வாதாடினார், 1925-இல் அங்கே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது, இன்று விருங்கா என்கிறோம். மறு வருடம் அந்த மலையிலேயே இறந்து அங்கேயே அடக்கமானார். அவர் திட்டமிட்ட டயோரமாக் கூடம் 1936-இல்தான் நியூயார்க்கில் திறந்தது.

உங்கள் பெட்டியில் விலங்கைச் செய்கிற பொறுப்பை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். அது உயிரோடு இருக்கட்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவளே சொல்லட்டும்.

தெர்மாகோல் மலை, நிஜ மண், காய்ந்த புல் எல்லாம் வைத்துச் செய்த பெட்டியில் பூச்சி வருமா? அந்துருண்டை போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

போடாதீர்கள். அந்துருண்டையின் ஆவி தெர்மாகோலை மெதுவாகக் கரைத்துவிடும், மூடிய பெட்டிக்குள் இன்னும் மோசம். ஸ்பிரே பெயின்ட்டும் அப்படித்தான், முதலில் பெவிகாலில் நனைத்த டிஷ்யூ காகிதத்தை இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவைத்துவிட்டுத்தான் தெர்மாகோல்மேல் வேறு எதுவும் படலாம். குச்சி, புல்லை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பசைக் கரைசலில் முக்கி எடுத்து வையுங்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றுக்குப் பெட்டியின் அடியில் ஓர் இழுப்பறை மாதிரி அமைத்துச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். வெயில் நேராக விழுகிற சன்னல் வேண்டாம், வேட்டியின் வெள்ளையும் மஞ்சளாகிவிடும்.

செய்து முடித்துவிட்டோம். கீழே பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது?
- வாசகர், தேனி

முன்பக்கம் தாத்தா பெயர், ஊர், அந்தக் காடு அல்லது புஞ்சைக்கு ஊரில் வழங்குகிற பெயர். பித்தளைத் தகடு என்றால் இவ்வளவு போதும். அடிப்பலகையைத் திருப்பி, மண் எங்கே எடுத்தது, யார் யார் எந்த உருவத்தைச் செய்தது, எந்த மாதம் முடித்தது என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை காலப்போக்கில் மங்கிவிடலாம். நாய்களின் பெயர்களை முன்பக்கமே, தாத்தா பெயருக்கு அடுத்த வரியில் போடுங்கள்.